தேவாலா சுரங்கத்துக்குள் யாரை அனுப்புகிறீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் சுற்றுலாக் கட்டுரையில், "ஆங்கிலேயர் கண்டுபிடித்த தேவாலா தங்கச் சுரங்கங்களுக்குள் ஒரு டார்ச் விளக்குடன் நுழைந்து பாருங்கள், மறக்கவே மாட்டீர்கள்" என்று எழுதியிருக்கிறார் தங்கள் நிருபர். மறக்க மாட்டார்கள்தான், திரும்பி வந்தால்.

எங்கள் வீட்டுக்குப் பின்மேட்டில் அப்படி ஒரு சுரங்கவாய் இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். சுவரில் உளி பட்ட தடங்கள் இன்றும் தெரியும். விளக்கு வைத்த மாடத்தில் கரி படிந்திருக்கும். பத்தடி தாண்டினால் முழங்கால் அளவு தண்ணீர், அதற்கடியில் செங்குத்தாக இறங்கும் குழி. எங்கள் சினையாடு ஒன்று அதில்தான் போயிற்று. தங்கம் தேடி இறங்கியவர்கள் பிணமாக வந்த செய்திகளைப் பத்திரிகை நடத்தும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேவாலாவில் கொட்டும் மழையைப் பற்றியும்தான்.

அடுத்து, அந்தக் 'கண்டுபிடிப்பு'. 1831-இல் சென்னை அரசாங்கம் லெப்டினன்ட் நிக்கல்சனை இந்தப் பக்கம் அனுப்பியதே, உள்ளூர் மக்கள் பொன் அரித்து வந்ததை அறிந்துதான். 1879-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நிபுணர் பிரஃப் ஸ்மித், இந்தப் பக்கத்துப் பழங்குடிகளான குரும்பர்கள் வெட்டிய பழைய குழிகளைத் தம் அறிக்கையிலேயே குறிப்பிட்டார். வெள்ளைக்காரர் ஒப்புக்கொண்டதைத் தங்கள் நிருபர் ஒப்புக்கொள்ளவில்லை!

அந்த அறிக்கையைக் காட்டி லண்டனில் பங்கு விற்றார்கள். நாற்பது கம்பெனிகளுக்கு மேல். மூலதனம் ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு. நோய் விழுந்து பட்டுப்போன காபித் தோட்டங்களைத் தங்கவயல் என்று சொல்லிக் கொள்ளை விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். இயந்திரங்கள் மலையேறி வந்தன. குவார்ட்ஸ் பாறையை இடித்துப் பார்த்தால் சொன்ன அளவுக்குத் தங்கம் இல்லை. சில ஆண்டுகளில் கடையைக் கட்டினார்கள், குழிகளை அப்படியே திறந்துபோட்டுவிட்டு.

அந்தக் கம்பெனிகளுக்கு ஜன்மிகளின், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களின், நிலம் கைமாறிய வேகத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த ஜன்ம உரிமையை ஒழிக்கும் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது 1969-இல். இன்றுவரை எத்தனை குடும்பங்களுக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் மின் இணைப்புக்கு எவ்வளவு அலைகிறார்கள் என்பதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அதற்கு நான்கு வண்ணத்தில் இரண்டு பக்கம் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. மழையோ யானையோ வந்தால்தான் எங்கள் ஊர் தங்கள் கண்ணில் படும்.

குழிக்கு வேலி கேட்டு மனுவும் கொடுத்துப் பார்த்தேன். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அங்கே, "நிலம் யாருடையது என்று முதலில் முடிவாகட்டும்" என்றார்கள். ஆடு விழும்போது சர்வே எண் பார்த்து விழவில்லை.

தங்களிடம் வேலி கேட்கவில்லை. கட்டுரையின் இணையப் பதிப்பில் 'உள்ளே நுழைய வேண்டாம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இடமிருந்தால் குரும்பர் பெயரையும் போடலாம். கோடை விடுமுறைக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்து இறங்குவதற்குள் செய்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தேவாலா, நீலகிரி மாவட்டம்