உணவு ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

நிதிக் குழுக்கள்ல இருக்குறவங்களுக்கும், பேராசிரியர்களுக்கு புரமோஷன் முடிவு பண்ற கமிட்டிகளுக்கும் வணக்கம்.

உணவு அமைப்பு (சாப்பாடு விளையுறதுல இருந்து தட்டுக்கு வர்ற வரைக்கும் எல்லாம்), சுற்றுச்சூழல் நீதி (மாசோட பாரம் ஏழைங்க, ஒடுக்கப்பட்டவங்க தலையில மட்டும் விழக்கூடாதுங்கிறது) இதுலயெல்லாம் ஒருத்தர் வருஷக்கணக்கா உழைச்சுட்டு வந்தா நீங்க முதல்ல பாக்குறது எத்தனை பேப்பர், எந்த ஜர்னல்னுதான். யாரைப் பத்தின ஆராய்ச்சியோ அவங்க கைக்கு முடிவு போய்ச் சேந்துச்சான்னு கேக்குறது ரொம்ப அபூர்வம்.

மக்களுக்கு சாப்பாடு போதுமான அளவு கிடைக்குதான்னு அளக்க ஐநா உணவு வேளாண் அமைப்பு எட்டு கேள்வி வச்சிருக்கு. அதுல கடைசி கேள்வி, போன 12 மாசத்துல காசு இல்லாம ஒரு நாள் முழுக்க சாப்பிடாம இருந்தீங்களான்னு. பொழுதுக்கும் அடுத்தவங்க நிலத்துல அறுவடை பண்ணிட்டு வந்து நிக்கிற அம்மாகிட்ட, பிள்ளைங்க பக்கத்துல இருக்கும்போதே இதைக் கேக்குறோம், அவங்க பிள்ளைங்களை ஒரு பார்வை பாத்துட்டு குரலை இறக்கி ஆமாங்கிறாங்க, நாம டிக் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுறோம். அந்த ஆமா எங்க போச்சுன்னு அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. இது எனக்கு நியாயமா படல.

சுற்றுச்சூழல் நீதிங்கிற துறையே மக்கள் ஆரம்பிச்சதுதாங்க. 1982ல அமெரிக்காவுல, வட கரோலினாவோட வாரன் கவுண்டியில, பிசிபிங்கிற நச்சு ரசாயனம் கலந்த மண்ணை கருப்பின மக்கள் அதிகமா இருக்குற இடத்துல கொட்ட வந்தப்போ லாரிக்கு முன்னாடி ரோட்டுல படுத்து மறிச்சாங்க, 500 பேருக்கு மேல கைதானாங்க. அபாயகரமான கழிவை எங்க கொட்டுறாங்கங்கிறதுக்கும் இனத்துக்கும் இருக்குற தொடர்பை நாடு முழுக்க எடுத்துக்காட்டின 1987 அறிக்கைகூட ஒரு தேவாலய அமைப்போட ஆணையம் கொண்டு வந்தது, பல்கலைக்கழகம் இல்ல.

மக்களைக் கேக்காம மேல இருந்தே திட்டம் போட்டா என்ன ஆகும்னும் பாத்துட்டோம். 2019ல ஈட்-லான்செட் கமிஷன்ங்கிற சர்வதேச விஞ்ஞானிகள் குழு பூமிக்கும் உடம்புக்கும் நல்லதுன்னு ஒரு உணவு முறையை சொல்லுச்சு, அதுல இருக்குற அறிவியலை நான் மதிக்கிறேன், ஆனா அந்த சாப்பாட்டை வாங்க 150 கோடிக்கும் மேற்பட்டவங்களுக்கு வருமானம் பத்தாதுன்னு அடுத்து வந்த ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு. வாங்க முடியுமாங்கிறது முதல்லயே வர வேண்டிய கேள்வி இல்லையா? கூலி வாங்கி அடுப்பெரிக்கிற யாராவது ஒருத்தர் அந்த மேஜையில இருந்திருந்தா எடுத்த எடுப்புல அதைத்தான் கேட்டிருப்பாங்க.

மனுஷங்க வெளியிடுற பசுமை இல்ல வாயுவுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு உணவு அமைப்புல இருந்து வருது. அதனால கூடுற வெயில்ல முதல்ல நிக்கிறது வயல்ல வேலை செய்றவங்கதான். அவங்க ஆராய்ச்சிக்கு வெறும் சாம்பிள் கிடையாது.

அதனால கேக்குறேன். ஆராய்ச்சிக் கேள்வியை எழுதும்போதே அவங்களை கூட உக்கார வைங்க, அந்த நேரத்துக்கு சம்பளம் கொடுங்க, அதுக்கு பட்ஜெட்ல தனியா இடம் ஒதுக்குங்க. ரிசல்ட்டை அவங்க பாஷையில, அவங்க ஊர்லயே போய் சொல்லிட்டு அப்புறம் கடைசி தவணையை ரிலீஸ் பண்ணுங்க. அப்படி திரும்பிப் போய் உக்காந்து பேசுற பேராசிரியருக்கு புரமோஷன்ல பேப்பருக்கு சமமா மார்க் கொடுங்க, ஏன்னா அதுக்கு மாசக்கணக்கா நேரம் ஆகும், இப்போ அந்த நேரத்தை அவங்க சொந்த வேலைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சே கொடுக்குறாங்க. அடுத்த முறை நீங்க விண்ணப்பம் கேக்கும்போதே இதையெல்லாம் விதியா எழுதிடுங்க.

இப்படிக்கு,
கள ஆய்வுல கேள்வித்தாளோட நிக்கிற ஒருத்தி