புல்மோட்டை வீதியில் ஒரு மீற்றர் ஓரம் வேண்டும்

திருகோணமலை மாவட்டத்தின் வீதிகளுக்கும் சுற்றுலாவுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். புல்மோட்டை வீதியின் ஓரங்களைப் பற்றி உங்களுக்கு எழுதுவது இது முதல் தடவையல்ல. நாங்கள் தந்த மனுக்களின் பிரதிகள் உங்கள் கோவைகளில் இருக்கும். அதனால் பழைய கதையை விட்டுவிடுகிறேன். போன கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் இருந்து மூன்று பெண்கள் சைக்கிளிலேயே வந்தார்கள். வெருகல், மூதூர், கிண்ணியா என்று கொட்டியாரக் குடாவைச் சுற்றி வந்து, உப்புவெளியில் என்னுடைய திருத்தகத்தில் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு, அடுத்த நாள் விடியப் புல்மோட்டைக்கு வெளிக்கிட்டார்கள். இறக்கக்கண்டிப் பாலம் தாண்டிக் கும்புறுப்பிட்டிக்குக் கிட்டப் போகும்போது பின்னால் ஒரு பஸ் ஹோன் அடித்தது. மூவரும் ஓரம் கட்டினார்கள். பஸ் போனதும் இரண்டு பேர் மெல்ல நிறுத்தி இறங்கிவிட்டார்கள். மூன்றாமவர் நிறுத்தாமல் மறுபடி தாரில் ஏறப் பார்த்தார். முன் சில்லு ஏறவில்லை. அவர் விழுந்தது மண் பக்கம் அல்ல, வீதிக்குள். பின்னால் வந்த வான்காரர் நேரத்துக்குப் பிரேக் போட்டதால்தான் காறை எலும்பு முறிந்ததோடு போயிற்று.

அவருடைய முன் சில்லு பின்னேரம் என்னிடம் வந்தது. டயரின் வலது பக்கச் சுவர் நெடுகத் தேய்ந்து, நூல் தெரிந்தது. றிம் வளைந்திருந்தது. அந்தத் தேய்வைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று சைக்கிள் திருத்துகிற எவருக்கும் விளங்கும். உங்கள் பொறியியலாளர்களுக்கும் விளங்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘கவனமாக ஓடியிருக்கலாமே’ என்ற பதிலை நாங்கள் பல முறை கேட்டுவிட்டோம்.

பழைய தாருக்கு மேலே புதுக் கார்ப்பெட் போட்டபோது வீதி உயர்ந்தது. ஓரத்தில் கொட்டிய கிரவலை யாரும் சரியாக இறுக்கவில்லை. மார்கழி மழை இரண்டு வந்தது, கிரவல் போய்விட்டது. இப்போது தாரின் விளிம்பு செங்குத்தாக நிற்கிறது. அவர் விழுந்த இடத்தில் நானே போய் அளவுகோல் வைத்துப் பார்த்தேன்: 13 சென்ரிமீற்றர். சைக்கிளில் போகிறவர் ஒருமுறை கீழே இறங்கிவிட்டால், அந்த விளிம்புக்கு ஒட்டினாற்போல ஓடிக்கொண்டு மேலே ஏற முடியாது. சில்லு விளிம்பில் உரசிக்கொண்டே போகும். ஹாண்டிலைக் கொஞ்சம் கூடத் திருப்பினால் சில்லு நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னால் போகும். எந்தப் பக்கம் திருப்பினாரோ அந்தப் பக்கம்தான் விழுவார். அதாவது, வாகனம் வருகிற பக்கம். எவ்வளவு ஓடிப் பழகியவருக்கும் இதுதான் நடக்கும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். திருகோணமலையில் இருந்து புல்மோட்டை வரைக்கும், இரு பக்கமும், ஒரு மீற்றர் அகலத்துக்குத் தார் மட்டத்திலேயே இறுக்கிய ஓரம் வேண்டும். ஒரேயடியாக முடியாது என்றால் நிலாவெளியில் இருந்து குச்சவெளி வரையாவது முதலில் செய்யுங்கள். அதற்கும் காலம் எடுக்கும் என்றால், விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சுமார் 30 பாகைச் சரிவில் இறுக்கி முடிக்கிற முறை வெளிநாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அடுத்த முறை கார்ப்பெட் போடும்போது அதையாவது செய்யுங்கள். கார்ப்பெட் போடுகிற அதே வேலையோடு செய்யக்கூடியது அது.

இந்த வீதி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. நகரத்தில் இருந்து புல்மோட்டைக்கு ஏறக்குறைய 55 கிலோமீற்றர். பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. உப்புவெளியில் போர் மயானம், சாம்பல்தீவில் களப்பு, அப்புறம் நிலாவெளியின் உப்பளங்கள். குச்சவெளிக்கு அப்பால் வலது கைப்பக்கம் கடலும் இடது பக்கம் பனங்கூடலும். திரியாய்ச் சந்தியில் உள்ளே திரும்பினால் குன்றின் மேல் பழைய விகாரை. கடல் அலுத்தவர்கள் மேற்கே திரும்பிக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துவிட்டு, தம்பலகாமத்து வயல்கள் வழியாகக் கந்தளாய்க் குளத்துக்குப் போகலாம். அந்தப் பக்கம் கொஞ்சம் மேடு பள்ளம் உண்டு; கதிர் முற்றின காலத்தில் அதில் ஓடுவதைப் போல ஒரு சுகம் இல்லை. சித்திரையில் இருந்து புரட்டாதி வரைக்கும் நாடு பூராவும் இருந்து ஆட்கள் வருகிற மாவட்டம் இது. சைக்கிளில் வருகிற ஒருவர் பத்து மணி வெயிலுக்கு முன் மூன்று இடத்திலாவது நிற்பார். ஒரு கடையில் அப்பம், இன்னொன்றில் இளநீர், கிராமத்துக் கடையில் வாழைப்பழமும் சோடாவும். ஏசி வானில் வருகிறவர் நேரே ஹோட்டல் வாசலில்தான் இறங்குவார். எந்தப் பயணியின் காசு கும்புறுப்பிட்டிக் கடைக்காரிக்குப் போய்ச் சேருகிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆனால் பயணிகளுக்காக மட்டும் இதைக் கேட்கிறேன் என்று எடுத்துவிடாதீர்கள். பயணிகள் சில மாதம்தான் வருகிறார்கள். இந்த ஓரத்தில் வருடம் முழுக்க ஓடுகிறவர்கள் இங்கே இருக்கிறவர்கள். கரியரில் மீன் பெட்டி கட்டின வியாபாரி, வெங்காயத் தோட்டத்துக்குப் போகிற அம்மா, பின்னால் தம்பியை ஏற்றிக்கொண்டு வெள்ளைச் சட்டையில் பள்ளிக்கூடம் போகிற அக்கா. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காற்று இடது பக்கத்தில் இருந்து அடித்து, ஓடுகிறவரை வீதியின் நடுவுக்குத் தள்ளும். அந்த நேரத்தில் பஸ்ஸும் முந்தப் பார்க்கும். ஒரு பிள்ளை எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், சொல்லுங்கள். கீழே இறங்கினாலும் விழுவாள், மேலே நின்றாலும் இடிபடுவாள். இந்த விளிம்பில் வளைந்த றிம்கள் என் கடையில் வந்து குவிகின்றன. அவற்றில் பெரும்பாலானவை வெளியூர்க்காரர்களின் விலை கூடின சைக்கிள்களுடையவை அல்ல. தேய்ந்த, துருப்பிடித்த, வீட்டில் இருக்கிற ஒரே சைக்கிளுடையவை. றிம் மாற்றக் காசில்லாமல் அதை நிமிர்த்தித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நிமிர்த்தித்தான் கொடுக்கிறேன். அது மறுபடியும் அதே விளிம்புக்குத்தான் போகப்போகிறது என்று தெரிந்துகொண்டே கொடுக்கிறேன்.

இந்த மாவட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. முதலில் யாராவது சாக வேண்டும், அதற்குப் பிறகுதான் வாகனங்கள் வரும், கூட்டம் நடக்கும், படம் எடுப்பார்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில், ஆட்களை ஏற்றிப்போன மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்ணீரில் போனார்கள். அந்த இடம் ஆபத்து என்று அதற்கு முன் ஊர்ச்சனத்துக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். தெரிந்த ஆபத்தை ஆண்டுக்கணக்காக வைத்துக்கொண்டிருப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? கும்புறுப்பிட்டியில் அன்று வான்காரர் ஒரு நொடி பிந்தியிருந்தால் இந்தக் கடிதத்தின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

பெரிய வேலைகள் இங்கே நடக்கவில்லை என்று சொல்லவரவில்லை. கிண்ணியாவில் மிதப்புப் பாதைக்குக் காத்து நின்ற காலத்தை நாங்கள் மறக்கவில்லை. 2009இல் 396 மீற்றர் நீளத்துக்கு அங்கே பாலம் வந்தது. அதன் பிறகு தெற்கே வெருகல் வரைக்கும் ஒவ்வொரு துறைக்கும் பாலம் வந்ததால்தான் அந்த மூன்று பெண்களும் மட்டக்களப்பில் இருந்து ஓரிடத்திலும் காத்து நிற்காமல் வந்து சேர்ந்தார்கள். அவ்வளவு தண்ணீரைத் தாண்டிப் பாலம் போட முடிந்த நாட்டில், வீதியின் விளிம்பில் ஒரு மீற்றரை இறுக்க முடியாது என்பதை நம்ப மனம் வரவில்லை.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் போலத் தெரிகிறது. உங்களில் பலர் நல்ல மனதோடு வேலை செய்கிறவர்கள் என்பதை அறிவேன். எங்கள் மனுவை வாங்கி வாசித்து, ‘நியாயம்தான்’ என்று சொன்னவர்களும் உங்களில் உண்டு. அந்த நியாயத்தை இனி மதிப்பீட்டுப் பத்திரத்தில் ஏற்றித் தாருங்கள் என்றுதான் பணிவாகக் கேட்கிறேன்.

காலத்தையும் கவனியுங்கள். மழைக்கு முன் கிரவல் கொட்டினால் அது கடலுக்குத்தான் போகும். முன்பு நடந்ததும் அதுதான். மழை விட்டு மண் காய்கிற மாசி, பங்குனியில் தொடங்கினால் சித்திரைக்குள், ஆட்கள் வருவதற்கு முன், நிலாவெளி – குச்சவெளித் துண்டை முடித்துவிடலாம். கிரவலை வெறுமனே கொட்டிவிட்டுப் போகாமல் தண்ணீர் விட்டு உருளை ஓட்டச் சொல்லுங்கள். செய்த ஓரத்தில் டிப்பர்களை நிறுத்தவும் மண், கல் குவிக்கவும் விடாதீர்கள். மதகுகளுக்குக் கிட்ட ஓரம் ஒடுங்குகிற இடங்களில் இரவில் ஒளிர்கிற கட்டைகள் வையுங்கள்.

உங்கள் பொறியியலாளர் ஒருவரை ஒரு நாள் விடிய ஆறு மணிக்கு உப்புவெளிக்கு அனுப்பிவையுங்கள். சைக்கிள் நான் தருகிறேன். குச்சவெளி வரைக்கும் அவரோடு நானும் ஓடி, விளிம்பு உயர்ந்து நிற்கிற ஒவ்வோர் இடத்தையும் சுண்ணாம்பால் குறித்துக் காட்டுகிறேன். அந்த அளவுகளை வைத்து மதிப்பீடு போடுங்கள். எந்த மாதம் வேலை தொடங்கும், முதலில் எந்தத் துண்டு என்பதை மட்டும் எழுத்தில் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
உப்புவெளியில் சைக்கிள் திருத்தும் ஒருவன்