அடையாற்று முகத்துவார நடைக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

எலியட்ஸ் கடற்கரையின் ஷ்மிட் நினைவுச்சின்னத்திலிருந்து ஊரூர் குப்பம் வழியாக முகத்துவாரம் வரையிலான ஞாயிறு நடைக்கு உதவிய அனைவருக்கும் நன்றி. தூரம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. நீங்கள் உடன் வராதிருந்தால் அது வெறும் மணல் நடைதான்.

முதல் நன்றி குப்பத்து மீனவர்களுக்கு. கடல் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி வெள்ளம், தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி வெள்ளம் என்று நீங்கள் கைகாட்டிச் சொன்னதில் சென்னையின் பாதி வரலாறு அடங்கிவிட்டது. ஆண்டுக் கணக்கில் தெண்டி வடக்கே தள்ளும் மண்தான் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா பெருத்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. முகத்துவாரம் தூர்வதற்கும் இதே மண்தான் காரணம். மழைக்காலம் முடிந்து ஆற்றில் வேகம் குறைந்தால் மணல்திட்டு வாயை அடைக்கும். கடல்நீர் உள்ளே ஏறாது, கழிவுநீர் தேங்கும்.

பறவை நோக்கும் நண்பர்களுக்கு அடுத்த நன்றி. ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பார்த்து, நீர் வற்றும் நேரத்தை நீங்கள் குறித்துக் கொடுத்ததால்தான் சேற்றுத்திட்டு வெளித்தெரிந்து, உள்ளான் எனும் கரைப்பறவைகள் இரை தேடுவதைப் பார்க்க முடிந்தது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆமை நடை மாணவர்களே, ஆமை முட்டைகளைத் தேடி இரவெல்லாம் கடற்கரையில் நடந்துவிட்டு விடியலிலும் வந்தீர்கள். பங்குனி ஆமை எனும் கடலாமையின் முட்டையை இட்ட சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் எடுத்து மாற்ற வேண்டும், தாமதித்தால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், அப்போது அசைத்தால் செத்துவிடும் என்று குழந்தைகளுக்கும் புரியும்படி விளக்கினீர்கள். அடும்பங்கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் மிதிக்காமல் கூட்டத்தைத் திருப்பியதும் நீங்களே. மணலைப் பிடித்துவைத்திருப்பவை அந்தக் கொடியும் புல்லும்தான்.

மீன் விற்கும் கூடைகளை ஒதுக்கி வழிவிட்ட அக்காமார்களுக்கும் சுக்குக் காப்பிக்கும் தனி நன்றி.

எங்கள் பக்கம் ஒரு பிழை: ஒரு வழிகாட்டிக்கு முப்பது பேர் என்பது அதிகம். பின்வரிசைக்குக் குரல் எட்டவில்லை, சிலர் உடைந்த பாலத்தில் ஏறப் போனார்கள். 1977 வெள்ளத்தில் அறுந்த பாலம் அது, ஏறக் கூடாது. அடுத்த முறை பதினைந்து பேருக்கு ஒருவர், கடைசி ஆளாக ஒரு தன்னார்வலர். விடியுமுன் 5.45க்குப் புறப்பாடு.

அன்புடன்,
நடை ஒருங்கிணைப்புக் குழு