ஆசிரியப் பணிக்குப் போயிருக்கும் மகளுக்கு: தெ லசால் விட்டுச்சென்ற வகுப்பறை

அன்புள்ள மகளுக்கு,

இயேசுவுக்குப் புகழ். வகுப்பில் சத்தம் அடங்குவதே இல்லை, சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிக்கொள்கிறது, அதற்குப் பிறகு செபிக்கத் தெம்பில்லை என்று எழுதியிருந்தாய். இதை இரண்டு குறையாக எழுதியிருக்கிறாய். புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் அப்படிப் பிரிக்கமாட்டார். தம் பணியின் அலுவல் வேறு, தம் மீட்பின் அலுவல் வேறு என்று பார்க்கக் கூடாது என்பது அவர் தமக்கே போட்டுக்கொண்ட விதிகளில் ஒன்று. அவருடைய ஆன்மிகத்தின் ஆணிவேர் அதுதான் என்பது என் எண்ணம். உன் வகுப்பறைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவர் 1651-இல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே பேராலயத்தில் கனோன் பதவி, அதாவது பேராலயக் குழுவில் ஓர் இடம். வருமானமும் மதிப்பும் உள்ள பதவி அது. 1678-இல் குருவானார். மறு வருஷம் ஏழைப் பையன்களுக்கு இலவசப் பள்ளி திறக்க அத்ரியான் நியெல் என்பவர் ரெய்ம்ஸுக்கு வந்தபோது, இவர் கைகொடுக்க மட்டுமே நினைத்தார். ஆனால் நியெல் ஒரு பள்ளி காலூன்றுவதற்குள் அடுத்ததைத் திறக்கக் கிளம்பிவிடுவார். ஆசிரியர்களுக்கோ பயிற்சி கிடையாது. ஆளுக்கொரு விதமாகக் கற்பித்தார்கள். பள்ளி தடுமாறுவது ஆசிரியர்களால்தான் என்று கண்டுகொண்ட தெ லசால், அவர்களை முதலில் தம் வீட்டுப் பந்திக்கு அழைத்தார். 1681 ஜூன் 24-இல் வீட்டோடு தங்கவைத்தார். உறவினர் கொதித்தார்கள். அடுத்த வருஷம் அவரே அவர்களோடு வேறு வீட்டுக்குக் குடிபோனார்.

அங்கேதான் சோதனை வந்தது. இறைப் பராமரிப்பை நம்புங்கள் என்று அவர் சொன்னபோது, உங்களுக்குப் பதவியும் சொத்தும் இருக்கிறது, பள்ளி மூடினால் தெருவில் நிற்கப்போவது நாங்கள்தானே என்று ஆசிரியர்கள் கேட்டுவிட்டார்கள். அவரிடம் பதில் இல்லை. 1683-இல் கனோன் பதவியைத் துறந்தார். தம்பிக்குக் கொடுக்காமல் ஓர் ஏழைக் குருவுக்குக் கொடுத்தார். 1684–85 குளிர்காலப் பஞ்சத்தில் சொத்தை ரொட்டியாக்கிப் பசித்தவர்களுக்குப் பங்கிட்டார். அந்தப் பணத்தைப் பள்ளிகளுக்கே மூலதனமாக வைத்திருக்கலாமே என்று தோன்றும். வைத்திருந்தால் ஆசிரியர்களின் நம்பிக்கை பணத்தின் மேல் நின்றிருக்கும். இப்போது அவரும் அவர்களைப் போல வெறுங்கையோடு நின்றார். அதற்குப் பிறகுதான் அவர் பேச்சு எடுபட்டது.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். அக்காலத்தில் ஆசிரியர் பிள்ளைகளை ஒவ்வொருவராக அருகில் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். மற்றவர்கள் சும்மா இருப்பார்கள்; சும்மா இருக்கும் பிள்ளை சத்தம் போடாமல் என்ன செய்யும்? தெ லசாலும், அவர் உருவாக்கிய ஆசிரியர் சபையின் துறவிகளான 'சகோதரர்களும்' பிள்ளைகளைத் தேர்ச்சிப்படி பிரித்து, ஒரே பிரிவில் எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே பாடம் என்று வைத்தார்கள். ஒருவன் உரக்கப் படிப்பான். மற்றவர்கள் அதே வரியைக் கண்ணால் பின்தொடர வேண்டும்.

முதலில் லத்தீன் படிக்கவைக்கும் பழக்கத்தையும் மாற்றினார். ஏழைப் பையன் சில வருஷத்தில் வேலைக்குப் போய்விடுவான். அரைகுறை லத்தீனோடு வெளியேறினால் தாய்மொழியில் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாது. அதனால் எழுத்து அட்டை, அசை அட்டை, பிறகு பிரெஞ்சுப் புத்தகங்கள். அது நன்றாக வந்த பிறகே லத்தீன் திருப்பாடல்கள். கடைசிப் படியில் கையால் எழுதிய ஒப்பந்தங்களையும் ரசீதுகளையும் படிக்கப் பழக்கினார்கள். தொழிலாளி மகனுக்கு நாளைக்கு அதுதானே வேண்டும்! எழுத்துக்கும் இதே கவனம்தான். பேனா பிடிக்குமுன், பேனா பருமனில் ஒரு குச்சி. விரல்கள் எங்கே உட்கார வேண்டும் என்று அதில் மூன்று வெட்டுகள். உடம்புக்கும் மேசைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. கை பழகாமல் மை தொட்டால் கோணல் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், பிறகு திருத்துவது இரட்டிப்பு வேலை.

உன் தொண்டை விஷயத்துக்கு நேர் பதில் இது: நல்லாசிரியருக்கு அவர் சொன்ன பன்னிரண்டு நற்பண்புகளில் இரண்டாவது மௌனம். ஆசிரியர் பேசப் பேச வகுப்பும் பேசும். குரலை உயர்த்தினால் வகுப்பின் சத்தம் அதற்கு மேலே போகும். எனவே கையில் 'சிக்னல்' என்ற சிறு தட்டுக்கருவி. ஒருவன் தவறாகப் படித்தால் அடுத்தடுத்து இரண்டு தட்டு. அவன் அந்தச் சொல்லுக்குத் திரும்பிவந்து மறுபடி படிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை பார்த்தும் தெரியாவிட்டால் இன்னொருவனுக்குச் சைகை. ஆசிரியர் வாயைத் திறக்கவில்லை, பாடமும் அறுபடவில்லை. நீயும் நாலைந்து சைகைகளை முடிவுசெய்துகொள். ஒரு வாரம் அவற்றை மாற்றாதே. நடுவில் பேச்சாலும் விளக்கத் தொடங்கினால் பிள்ளைகள் சைகையைப் பார்க்கமாட்டார்கள், பேச்சுக்குத்தான் காத்திருப்பார்கள்.

தண்டனை பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் பிரம்பை அவர் அடியோடு ஒழிக்கவில்லை. ஆனால் கண்டிப்புக்குப் பத்து நிபந்தனை போட்டார். ஏழு ஆசிரியருக்கு: தூய நோக்கம், அன்பு, நீதி, குற்றத்துக்குப் பொருத்தம், மிதம், அமைதி, விவேகம். மூன்று மாணவனுக்கு: மனமுவந்து, மரியாதையோடு, சத்தமின்றி ஏற்பது. இவற்றில் 'அமைதி'யைத்தான் நீ பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே கோபம் கொதிக்கும்போது கொடுக்கும் தண்டனையில் பிள்ளை தன் தவற்றைப் பார்ப்பதில்லை. உன் கோபத்தைத்தான் பார்க்கிறது.

இதையெல்லாம் அவர் தனியே உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. அனுபவம் மிக்க சகோதரர்களோடு கூடிப் பேசி, பல வருஷம் பள்ளிகளில் செய்துபார்த்துத் திருத்தித்தான் 'கிறிஸ்தவப் பள்ளிகளின் நடைமுறை' என்ற கையேடு உருவானது. அது 1720-இல் அச்சேறியபோது அவர் இல்லை. 1719 ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று பிரான்சின் ரூவான் நகரில் இறந்துவிட்டார். 1900-இல் புனிதர் பட்டமும், 1950-இல் ஆசிரியர்களின் பாதுகாவலர் என்ற சிறப்பும் வந்தன.

செபத்துக்கு உன்னிடம் ஒரு மணி நேரம் கேட்கவில்லை. அவருடைய தியான முறையின் முதல் படி, இறைவனின் திருமுன் இருக்கிறோம் என்று உணர்வது. இறைவன் நாம் இருக்கும் இடத்திலும், நமக்குள்ளும், ஆலயத்திலும் இருக்கிறார் என்று மூன்று வழி காட்டுகிறார். முதல் வழிக்கு வகுப்பறையே போதும்: இருவர் மூவர் தம் பெயரால் கூடும் இடத்தில் இருப்பேன் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே. "இறைவனின் திருமுன் இருக்கிறோம் என்பதை நினைவில் கொள்வோம்" என்ற அவருடைய வாக்கியம் இன்றும் லசால் பள்ளிகளில் ஒலிக்கிறது. பாடவேளை மாறும் மணி அடித்ததும், புத்தகத்தைத் திறக்குமுன் நீ மனசுக்குள் சொல். நிதானமாகச் சொன்னாலும் ஐந்து விநாடிதான்.

ஆசிரியர்களுக்கு அவர் எழுதிய பதினாறு தியானங்களில், விவிலியத்தில் யாக்கோபு கனவில் கண்ட, வானதூதர்கள் ஏறி இறங்கிய ஏணி வருகிறது. வானதூதர்களைப் போல ஆசிரியர் நாள்தோறும் செபத்தில் ஏறி, எதைக் கற்பிக்க வேண்டும் என்று இறைவனிடம் கேட்க வேண்டும். பிறகு பிள்ளைகளின் அளவுக்கு இறங்கிவர வேண்டும். உன் கஷ்டம் ஏறுவதில் இல்லை, அம்மா. ஏறும்போது பிள்ளைகளைக் கீழேயே விட்டுவிடுகிறாய். யாரால் தொண்டை கட்டியதோ, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லித் தொடங்கு.

பெயர் மட்டும் போதாது, ஆளும் தெரிய வேண்டும். நல்ல ஆயனைப் போல ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அறிய வேண்டும். ஒன்றுக்குக் கனிவு வேண்டும், இன்னொன்றுக்கு உறுதி வேண்டும் என்கிறார் தெ லசால். அதற்காகவே சகோதரர்கள் பிள்ளைகளின் குணநலன்களைக் குறித்த பட்டியல் ஒன்று வைத்திருந்தார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையின் காரணத்தையும் தேடுவார்கள். ஆசிரியர் மேல் பிடிப்பில்லாமல் போனதும் காரணமாக இருக்கலாம் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

நீயும் ஒரு நோட்டுப் போடு. பிள்ளைக்கு ஒரு பக்கம்: வயது, எத்தனை வருஷமாகப் படிக்கிறது, வாசிப்பு எந்தப் படியில், எப்போது வராமல் போகிறது, எது சொன்னால் கேட்கிறது, எது சொன்னால் முறுக்கிக்கொள்கிறது, வீட்டில் யார் கவனிக்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைக்கு மேல் எழுதாதே, கடமைக்கு எழுதியதாகிவிடும். முதல் பத்துப் பக்கம் நிரம்பியதும் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா