திருப்பம் சரி, துப்பு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் நூல் மதிப்புரைப் பக்கத்தில் த்ரில்லர் நாவல் வந்தாலே கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டு, 'யாரும் எதிர்பாராத திருப்பம்' என்று முடித்துவிடுகிறார்கள். எதிர்பாராத திருப்பம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 400 பக்கம் பேச்சே எடுக்காத இரட்டைச் சகோதரனைக் கடைசி அத்தியாயத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் யார்தான் எதிர்பார்ப்பார்கள்? துப்பு கண்ணெதிரே இருந்தும் நாம் கோட்டைவிட்டோமா என்பதுதான் விஷயம்.

1926-இல் வந்த ஆகதா கிறிஸ்டியின் 'ரோஜர் ஆக்ராய்ட்' நாவலில் கதை சொல்லும் டாக்டரே கொலையாளி. (இத்தனை காலத்துக்குப் பிறகு முடிவைச் சொல்வது பாவமில்லை.) கடிதம் வந்தது எட்டு நாற்பதுக்கு, கொலையுண்ட ஆக்ராய்டின் அறையை விட்டுத் தான் கிளம்பியது எட்டு ஐம்பதுக்கு, அப்போதும் கடிதம் படிக்கப்படவில்லை என்று எழுதுகிறார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நடுவில் போன பத்து நிமிடத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. கடைசியில் அந்த வரிகளை அவரே எடுத்துக்காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்கிறார். பின்னால் புரட்டிப் பார்த்தால் அப்படியே இருக்கிறது.

சமீபத்திய நாவல்கள் பல 'நான்' என்று, அதுவும் நிகழ்காலத்தில் ஓடுகின்றன. சறுக்கல் அங்கேதான். ஒருத்தியின் மனசுக்குள் நம்மை உட்காரவைத்துவிட்டு, நேற்றிரவு பிணத்தைப் புதைத்ததை மட்டும் அவள் நினைக்கவே மாட்டாள் என்றால் எப்படி? 2012-இல் வந்த 'கான் கேர்ள்' இதில் தப்பித்தது. அங்கே பொய் இருப்பது டைரியில். பிறர் கண்ணில் படவேண்டும் என்றே எழுதிய டைரி பொய் சொல்லலாம். 2015-இன் 'தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்' நாயகிக்குக் குடியால் நினைவு தப்பியிருக்கிறது. அவளுக்கே தெரியாததை அவள் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த பல கதைகளில் மறதி இருக்கிறது, காரணம்தான் இல்லை.

சோதித்துப் பார்க்க மூன்று இடம் போதும்: கொலையாளி முதலில் தலைகாட்டும் பக்கம், பிணம் கிடைத்ததும் அவர் பேசும் முதல் பேச்சு, அவர் பார்வையில் வரும் அத்தியாயம். துப்பைப் பெரும்பாலும் பட்டியலின் நடுவில் ஒளிப்பார்கள். மேஜைமேல் சாவிக்கொத்து, ஈரமான கையுறை, பாதி கடித்த ஆப்பிள். அடுத்த வரியில் போன் அலறும். கையுறை மறந்துபோகும். அது நியாயமான ஏமாற்று.

மொழிபெயர்ப்பில் வேறொரு வம்பு. கொலையாளி கதவைத் திறந்தது ஆணா பெண்ணா என்று ஆங்கிலத்தில் சொல்லாமல் விடலாம். தமிழில் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். 'திறந்தான்' என்று போட்டுவிட்டுக் கடைசியில் பெண் என்றால், பொய் சொன்ன பழி மொழிபெயர்ப்பாளர் தலையில். 'அந்த உருவம் திறந்தது' என்று முப்பது அத்தியாயம் இழுத்தால், இது பெண்தான் என்று நாலாவது அத்தியாயத்திலேயே பிடித்துவிடுவார்கள். 'திறந்தார்' என்ற மரியாதை கத்தியோடு ஒட்டாது. 'கதவு திறந்தது. உறை போட்ட கை விளக்கைத் தேடியது' என்று ஆளையே வாக்கியத்திலிருந்து எடுத்துவிடுவதுதான் கைவந்தவர் செய்வது. உறவுமுறை இன்னும் மோசம். மூல நூலில் வெறும் 'பிரதர்'. இயல்பான தமிழில் அண்ணனா, தம்பியா என்று முதல் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். மூத்தவன் யார் என்பதே முடிச்சாக இருந்தால் அங்கேயே அவிழ்ந்தது. 'உடன்பிறந்தவன்' கொஞ்சம் விறைப்பாகத்தான் ஒலிக்கும், ஆனால் கதை பிழைக்கும்.

முடிவை உடைக்காமலே மதிப்புரையில் இதையெல்லாம் சொல்லலாம். 'துப்பு முன்பாதியிலேயே இருக்கிறது', 'கதைசொல்லி மறைப்பதற்குக் கதைக்குள் காரணம் இல்லை', 'மொழிபெயர்ப்பு முடிச்சைக் காப்பாற்றியிருக்கிறது' என்று ஒரு வரி இருந்தால், வாங்கலாமா வேண்டாமா என்று வாசகர் முடிவுசெய்துகொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்