பெங்களூரு உரக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணே,

ஆனேக்கல், அத்திப்பள்ளி, ஓசூர் பக்கம் ராகியும் நெல்லும் போடுகிற நம் ஆட்கள் உங்களிடம்தான் வந்து நிற்கிறார்கள். "இலையில புள்ளி விழுது, என்ன அடிக்கலாம்?" என்று கேட்டு, நீங்கள் எடுத்துக் கொடுப்பதை அப்படியே அடிக்கிறார்கள். அதனால்தான் வேளாண் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பயிர் நோயைத் தடுக்கிற உயிர் மருந்துகளான சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா பாக்கெட்டுகளை வெயில் படுகிற இடத்தில் அடுக்காதீர்கள். உள்ளே இருப்பது உயிர்; முன்னது பாக்டீரியா, பின்னது பூஞ்சாணம். எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொன்னால் பூஞ்சாணக் கொல்லியான கார்பெண்டசிம் டிரைக்கோடெர்மாவையும் சேர்த்துக் கொல்லும், தாமிர மருந்தும் பாக்டீரியாக் கொல்லியான ஸ்ட்ரெப்டோசைக்ளினும் சூடோமோனாஸை விட்டுவைக்காது, கடைசியில் "பயோ எல்லாம் வேலைக்கு ஆகாது" என்று விவசாயி முடிவு கட்டிவிடுவார். எனக்கு வயிற்றெரிச்சலே இதுதான். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்தால் போதும். ராகி நாற்றுவிட ஏக்கருக்கு சுமார் 2 கிலோ விதைதான், அப்படியென்றால் 20 கிராம்! இவ்வளவு மலிவான பாதுகாப்பை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை?

ரசாயனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெல் குலை நோய்ப் பூஞ்சாணம் இலைமேல் ஒரு கறுத்த உறுப்பை உண்டாக்கி, அதற்குள் அழுத்தம் ஏற்றித்தான் இலையைத் துளைக்கிறது. அந்தக் கறுப்பு நிறமி உருவாகாமல் தடுப்பதுதான் டிரைசைக்ளசோல் என்ற ரசாயன மருந்தின் வேலை. நுழைவதற்கு முன்னால் அடித்தால் காப்பாற்றும். வயலே கருகின பிறகு இரண்டு மடங்கு அடித்தாலும் காய்ந்த இலை பச்சையாகாது, காசுதான் போகும். கண் மாதிரி, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புமாக முதல் புள்ளிகள் தெரியும்போதே வரச் சொல்லுங்கள்.

அப்புறம் யூரியா. தழைச்சத்து கூடினால் குலை நோய்க்குக் கொண்டாட்டம். மருந்து கேட்டு வருகிறவரிடம் எத்தனை மூட்டை போட்டார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள், உங்களுக்கு ஒரு மூட்டை வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை. ராகி விதைக்கு வருகிறவரிடம், நம்ம ஜிகேவிகே (பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம்) கொடுத்த ஜிபியு 28 குலை நோயைத் தாங்கும் ரகம் என்பதையும் சொல்லுங்கள்.

இந்தப் பருவத்திலிருந்தே பில்லின் பின்பக்கம் கன்னடத்திலும் தமிழிலும் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், எதோடு கலக்கக் கூடாது, உயிர் மருந்தை வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும்.