இந்த வருஷத்து வாக்குத்தத்த அட்டை

கடலூர் முதுநகர்,
18.1.2026, ஞாயிறு மாலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் அறிய ஆவல். போனில் "நல்லா இருக்கேம்ப்பா" என்று சொன்ன கையோடு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். அவளிடமும் "நல்லா இருக்கேம்மா"தான். அதனால்தான் கடிதம். நான் பேசி முடிக்கும்முன் இதை நீ கட் பண்ண முடியாது பார்.

தபால் ஆபீசில் காலம் தள்ளியவன் வீட்டிலேயே கடிதம் எழுதுவது நின்றுபோயிருந்தது. இதை ஸ்பீடு போஸ்டில்தான் அனுப்ப வேண்டுமாம். போன வருஷம் பதிவுத் தபாலை அதோடு சேர்த்துவிட்டார்கள். "ரிஜிஸ்டர் தபால்" என்று பழக்க தோஷத்தில் கேட்டேன், கவுன்டரில் இருந்த பையன் சிரிக்கிறான்.

முதலில் மாத்திரை. டாக்டர் ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான். உடம்பு தேறின மாதிரி இருக்கிறது என்று நடுவில் நிறுத்தாதே. இரும்புச்சத்து மாத்திரை போட்ட உடனே டீ குடித்தால் போட்டதே வீண். அம்மா முருங்கைக்கீரைப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், தனிப் பார்சலில் வரும். சோற்றில் முதல் கவளத்துக்கு நெய் விட்டுச் சாப்பிடு.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. அத்தைக்கு மூட்டு வலி, தம்பிக்கு நைட் ஷிப்ட், பக்கத்து வீட்டில் மாடி கட்டுகிறார்கள், நமக்குக் காற்று போச்சு. கிறிஸ்துமஸ் கேரலில் சுருதியே சேரவில்லை. கீர்த்தனையில் இரண்டாம் குரல் பிடிக்க உனக்கு அப்புறம் சபையில் ஆள் வரவில்லை. சபைப் போதகர் ஐயரே என்னிடம் கேட்டார், "மகள் எப்போ வர்றாங்க" என்று. பெருமையாகத்தான் இருந்தது. பதில்தான் சொல்லத் தெரியவில்லை.

31ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்குப் போனோம். தாம்பாளத்தில் வருஷத்துக்கு ஒரு வசனம் என்று அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எங்களுக்கு எடுத்துக்கொண்டு, வழக்கம்போல உனக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்து ஒன்று எடுத்தேன். வருஷா வருஷம் நாங்கள் செருப்பு மாட்டுவதற்குள் "எனக்கு என்ன வசனம்ப்பா" என்று மெசேஜ் வந்துவிடும். இந்த வருஷம் வரவில்லை. பொங்கலும் முடிந்துவிட்டது. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. வந்த வசனம் ரோமர் 8:18. "ஆதலால் இக்காலத்துப் பாடுகள் இனி நம்மிடத்தில் வெளிப்படும் மகிமைக்கு ஒப்பிடத்தக்கவைகள் அல்லவென்று எண்ணுகிறேன்." நல்ல வசனம்தானே என்று வீட்டுக்கு வந்து பைபிளைத் திறந்து அதற்கு மேலும் கீழும் வாசித்தேன். 22ஆம் வசனத்தில் வந்து நின்றுவிட்டேன். சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்து என்ன வேதனைப்படுகிறது என்று அங்கே எழுதியிருக்கிறது, உனக்கே தெரியும். ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாடம் சொல்லிப் பரிசு வாங்கினவள் நீ. பைபிளை மூடிவிட்டேன். இதைப் போய் என் பிள்ளைக்கு எப்படி அனுப்புவது? தம்பியின் அட்டையை உன்னுடையது என்று மாற்றி அனுப்பலாமா என்றுகூட யோசனை போயிற்று. அம்மாதான், "கர்த்தர் குடுத்தத மாத்த நீங்க யாரு" என்றாள்.

தானே புயல் வருஷம் உனக்கு வந்த அட்டை நினைவிருக்கிறதா? 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் புயல் கரையேறியது. மறுநாள் ராத்திரி ஆராதனை. ஊரில் ஒரு கம்பம் நேராக இல்லை, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயிருந்தது, கோயிலில் மெழுகுவர்த்திதான். நீ எட்டாங்கிளாஸோ ஒன்பதோ. அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாய்: "எழும்பிப் பிரகாசி, உன் ஒளி வந்தது, கர்த்தருடைய மகிமை உன்மேல் உதித்தது." வாசித்துவிட்டு, "எங்கப்பா வந்துச்சு? கரண்டே வரல" என்று சத்தமாகக் கேட்டாயே, முன்வரிசையில் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அதட்டினேன், உள்ளே எனக்கும் சிரிப்பு. அப்படிக் கேட்கிற பிள்ளை இப்போது ஒன்றுமே கேட்காமல் இருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேளம்மா. கோபமாகவே கேள்.

அந்த ஏசாயா 60இன் இரண்டாம் வசனத்தை அன்றைக்கு நாம் வாசிக்கவில்லை. இருள் பூமியை மூடும், காரிருள் ஜனங்களை மூடும் என்றுதான் அது தொடங்குகிறது. இருட்டு இல்லை என்று சொல்லி யாரும் அங்கே ஆறுதல்படுத்தவில்லை.

இன்னொரு விஷயம். அங்கே ஜெபக்கூட்டத்தில் ஒருவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு யோவான் 11:40 சொன்னாராம், "நீ விசுவாசித்தால் தேவனுடைய மகிமையைக் காண்பாய்" என்று. உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லாமல் சொன்னாராம். அம்மா சொல்லி எனக்குத் தெரியும், அவளைக் கோபிக்காதே. கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அந்த அதிகாரத்தை அவர் முழுசாக வாசித்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார். சகோதரன் லாசருவைப் பறிகொடுத்த மார்த்தாள் அன்றைக்கு என்ன பெரிய விசுவாசத்தோடு நின்றாள்? "நீர் இங்கே இருந்தீரானால்" என்று முகத்துக்கு நேரே குறை சொன்னவள். கல்லை எடுங்கள் என்றதும், நாலு நாளாயிற்றே, நாறுமே என்று தடுத்தவள். அவளுக்குத்தான் இயேசு மகிமையைக் காண்பாய் என்று சொன்னார். அதற்கு முன்னால் அவரே கண்ணீர் விட்டார். கல்லறைக்குப் போகிற வழியில் அழுதவர் சொன்ன வார்த்தையை, அழுகிறவள் மேல் கல் மாதிரி எறியலாமா? இனி யாராவது அப்படி ஆரம்பித்தால், அப்பா கூப்பிடுகிறார் என்று சொல்லி எழுந்து வந்துவிடு.

மாத்திரையை மறக்காதே.

ஞாயிறு காலையில் போன் செய்தால் உங்கள் வீட்டில் டிவி சத்தம் கேட்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை, மாப்பிள்ளையிடமும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். எசேக்கியேல் தீர்க்கதரிசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இந்த மாதம் தினமும் அதைத்தான் வாசிக்கிறேன். ஆசாரிய வம்சம். எருசலேம் ஆலயத்தில் நின்று ஊழியம் செய்ய வேண்டியவர், பாபிலோனில் கேபார் நதியோரம் சிறைப்பட்டவர்களோடு கிடக்கிறார். ஆலயம் இல்லை, பலிபீடம் இல்லை, பாட்டு இல்லை. அங்கேதான் வானம் திறந்து மகிமையைக் காண்கிறார். கண்டதும் துள்ளிக் குதிக்கவில்லை. முகங்குப்புற விழுந்தார். பிறகு அந்த ஜனங்கள் நடுவில் போய் ஏழு நாள் பிரமித்தவனாய் உட்கார்ந்திருந்தார் என்று எழுதியிருக்கிறது. ஏழு நாளும் அவரை யாரும் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை.

அப்புறம் பத்தாம் பதினோராம் அதிகாரங்களில் அந்த மகிமை எருசலேம் ஆலயத்தின் வாசற்படியை விட்டு எழும்பி, நகரத்துக்குக் கிழக்கே மலைமேல் போய் நிற்கிறது. கோயில் இருக்கிறது, மகிமை வெளியே போகிறது. அதே பதினோராம் அதிகாரத்தில்தான், இவர்கள் போன தேசங்களில் நானே இவர்களுக்குக் கொஞ்சகாலம் பரிசுத்த ஸ்தலமாக இருப்பேன் என்கிறார். இத்தனை வருஷம் வாசித்தும் இந்த வசனம் என் கண்ணில் பட்டதில்லை. பிள்ளை புனேயில் இருப்பதால் பட்டது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் ஒரு ஞாயிறு போய்விட்டு வாயேன். பாட வேண்டாம், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வா. மேலே எழுதினதுக்கும் இதுக்கும் ஒட்டவில்லை என்று சிரிப்பாய். சிரி.

43ஆம் அதிகாரத்தில் போன மகிமை திரும்பி வருகிறது, கீழ்த்திசையிலிருந்து, பெருவெள்ளத்தின் இரைச்சலைப் போன்ற சத்தத்தோடு. இந்த ஊர்க்காரனுக்கு அது சுலபமாக வாசிக்கிற வசனம் இல்லை. நமக்குக் கிழக்கே கடல். 2004இல் அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போனார்கள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தது எனக்கு இப்போதும் கையில் கனக்கிறது. அடுத்த ஞாயிறு அப்போதிருந்த ஐயர் பிரசங்கம் செய்யவில்லை. ரோமர் 8:26ஐ மட்டும் வாசித்தார், ஆவியானவர் தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்பது. வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிரசங்கம் இல்லாத ஆராதனையா என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அதைப் போன்ற பிரசங்கம் அதற்கு அப்புறம் கிடைக்கவில்லை.

பார், அதுவும் உன் அட்டை வசனம் இருக்கிற அதிகாரமேதான். ரோமருக்கு இதை எழுதின பவுல், மகிமை என்று ஆரம்பித்துவிட்டு உடனே சிருஷ்டி தவிக்கிறது என்கிறார், நாமும் நமக்குள்ளே தவிக்கிறோம் என்கிறார், கடைசியில் ஆவியானவருடைய பெருமூச்சு. மகிமையைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இத்தனை பெருமூச்சு இருக்கிறது. மூன்று தரம் மிலாறு என்கிற பிரம்புகளால் அடிபட்டு, மூன்று தரம் கப்பற்சேதத்தில் இருந்து, ஒரு இராப்பகல் முழுவதும் கடலில் கிடந்த மனுஷன் சொல்கிறார். அதனால் நான் காது கொடுக்கிறேன்.

அவர் தராசு பிடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. இவ்வளவு பாடுக்கு இவ்வளவு மகிமை, கணக்கு நேர் என்று அவர் சொல்லியிருந்தால் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டிருப்பேன். எதைக் கொடுத்து ஈடு கட்டுவது? ஒப்பிடவே முடியாது என்கிறார். நடந்தது நடந்ததுதான், அதைச் சின்னதாக்கச் சொல்லி உன்னை யாரும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று, இதை எழுதலாமா என்று தெரியவில்லை. உன் உடம்பின் மேலேயே உனக்குக் கோபம், கண்ணாடி பார்ப்பதில்லை என்று அம்மா சொன்னாள். மகிமை என்றால் மேகமும் வெளிச்சமும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பவுல் 23ஆம் வசனத்தில் நாம் காத்திருப்பது சரீர மீட்புக்கு என்கிறார். ஆத்துமாவோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. ரத்தம் குறைந்து, இரும்பு மாத்திரை போட்டுக்கொண்டு, படியேறினால் மூச்சு வாங்குகிற இந்தச் சரீரத்துக்குத்தான் அந்த வாக்குத்தத்தம். அதைப் போய் நீ கோபித்துக்கொள்ளலாமா? அது உன்னை ஏமாற்றவில்லை பாப்பா. அதுவும் உன்னோடு சேர்ந்து தவித்தது.

யாராவது பேரப்பிள்ளைகள் உண்டா என்று கேட்டால் எனக்கு "இல்லை" என்று வாய் வருவதில்லை. சும்மா தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். தூளி கட்ட உத்தரத்தில் மாட்டின கொக்கியை எடுத்துவிடச் சொன்னாள் அம்மா. ஏணி தம்பி சிநேகிதன் வீட்டில் இருக்கிறது என்று சொல்லித் தட்டிக் கழிக்கிறேன். அவள் துவைத்து மடித்த சேலை பீரோவில் அப்படியேதான் இருக்கிறது, அவளும் எடுக்கவில்லை. நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. உனக்கு மட்டும் இப்படி எழுதுகிறேன்.

அட்டையை உள்ளே வைத்திருக்கிறேன். பின்பக்கம் நான் எதுவும் எழுதவில்லை. வாசிக்கப் பிடிக்காவிட்டால் பைபிளுக்குள் போட்டு மூடி வை. மாப்பிள்ளையிடமும் காட்டு. அவரும் பாவம், யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார். ஆம்பிளை அழுதால் விசாரிக்க ஆள் கிடையாது. நீயாவது அவரை விசாரி.

ஈஸ்டர் ஏப்ரல் 5. தாதரிலிருந்து புதுச்சேரி வருகிற ரயில் புனே வழியாகத்தான் வருகிறது, வாரத்தில் சில நாள் மட்டும். விழுப்புரத்தில் இறங்கினால் தம்பி வண்டியோடு நிற்பான். இப்போதெல்லாம் 60 நாளுக்கு முன்னால்தான் புக்கிங் திறக்கிறார்கள், அதனால் இந்த மாதக் கடைசியிலோ அடுத்த மாத ஆரம்பத்திலோ திறந்துவிடும். வருவதானால் தேதியை அம்மாவிடம் சொன்னால் போதும். வேண்டாம் என்று தோன்றினால் அதையும் அவளிடமே சொல். கீழ்ப் பெர்த்தாகப் பார்த்துப் போடச் சொல்கிறேன்.

ஜெபத்துடன்,
அப்பா